பிச்சாவரத்து மீனை எங்கே ஒட்டுவது?

கேள்வி: என் மகள் எட்டாம் வகுப்பு. அறிவியல் கண்காட்சிக்கு அமீபா, மீன், தவளை, பல்லி, மனிதன் என்று அம்புக்குறி போட்டு சார்ட் செய்கிறாள். பிச்சாவரத்தில் படகில் போனபோது சேற்றில் தத்திப்போகும் மீனைப் பார்த்தோம். அதை மீனுக்கும் தவளைக்கும் நடுவில் ஒட்டலாமா?
- கடலூர் வாசகி

பதில்: அந்த இடத்தில் மட்டும் வேண்டாம். அது உளுவை வகை. ஈரத் தோலாலும் வாயின் உள்சவ்வாலும் காற்றை வாங்கிக்கொள்ளும். கெட்டிக்கார மீன்தான், ஆனால் நம் மூதாதை இல்லை. மிகப் பின்னால் வந்து, தன் போக்கில் கரையேறிய தூரத்து உறவு. குளம் வற்றினால் தரையில் ஊர்ந்து போகும் பனையேறிக் கெண்டையும் அப்படித்தான்.

நாம் வந்த வழி வேறு. அதைப் பார்க்க ஒரு சங்கரா மீனும் ஒரு கோழி இறக்கையும் வாங்குங்கள். சங்கராவின் மார்புத் துடுப்பை விரித்தால் விசிறி மாதிரி மெல்லிய கதிர்கள்தான். கோழி இறக்கையில் தோளிலிருந்து ஓர் எலும்பு, அடுத்து இரண்டு, பிறகு சின்னச் சின்ன எலும்புகள், நுனியில் விரல். உங்கள் மகளின் கையிலும் இதே கணக்குதான். இந்தக் கணக்கு தரைக்கு வந்தபின் போட்டதில்லை. தண்ணீரில் இருந்தபோதே சதைப்பற்றான துடுப்புக்குள் உருவாகிவிட்டது. 2004இல் கனடாவின் எல்ஸ்மியர் தீவில் கிடைத்த டிக்டாலிக் புதைபடிவத்தில் அதைக் காணலாம். வயது சுமார் 37.5 கோடி ஆண்டு. செதிலும் துடுப்பும் மீனுடையவை. தட்டைத் தலையும் திரும்பும் கழுத்தும் நாலுகால் பிராணியுடையவை. பின்னால் வந்த அகாந்தோஸ்டெகா என்ற நாலுகால் பிராணிக்கு முன்காலில் எட்டு விரல்! செவுளும் போகவில்லை.

நுரையீரலும் தரைக்கு முந்தியதே. கெண்டை அறுக்கும்போது வெளியே வருமே காற்றுப்பை, அது பழைய மீன்களின் நுரையீரல் மாறி வந்தது. ஆகவே 'நடக்க ஆசைப்பட்டதால் கால் முளைத்தது' என்று சார்ட்டில் இருந்தால் அடித்துவிடச் சொல்லுங்கள். ஆழமில்லாத நீரில் உந்தப் பயன்பட்ட உறுப்பு, பிறகு தரையிலும் கைகொடுத்தது.

டிக்டாலிக்குக்கும் 'தாத்தா' பட்டம் வேண்டாம். அதைவிடப் பழைய, நாலுகால் பிராணிகளின் காலடித் தடங்கள் போலந்தில் கிடைத்ததாக 2010இல் அறிவித்தார்கள். டிக்டாலிக்கை ஒரு பக்கக் கிளையில் வையுங்கள்.

கிளை என்றேனே, அம்புக்குறியை எடுத்துவிட்டு மரமாக வரையட்டும். அமீபாவும் இன்று நம்மோடு வாழும் உயிர்தான், அடிமரத்தில் அதற்கு இடமில்லை. அங்கே 'ஒற்றைச்செல் மூதாதை' என்று எழுதினால் போதும். மேலே கடற்பஞ்சு, அப்புறம் வலையில் ஏறும் சொறி (ஜெல்லி மீன்), பிறகு முதுகெலும்புக் கிளை. அதில் கதிர்த்துடுப்பு மீன்கள் ஒரு பக்கம் பிரியும். உங்கள் பிச்சாவரத்து மீன் சங்கராவுக்குப் பக்கத்தில் உட்காரட்டும். மறுபக்கம் தவளை. அதைத் தாண்டி, தண்ணீரைத் தேடாமல் தரையிலேயே முட்டையிடும் பல்லியும் கோழியும், அவற்றுக்கு அருகே இன்னொரு கிளையில் நாம்.

எலும்புகளை நன்றாக வேகவைத்துச் சதை நீக்கி, இரண்டு நாள் வெயிலில் காயவைத்து ஒட்டுங்கள். இல்லையென்றால் கண்காட்சிக்கு முதல் ஆளாகப் பூனை வந்து நிற்கும்.