ஓரம் எங்கே போச்சு? வெப்கேம் கேள்வி-பதில்

கேள்வி: அகலக் கோண வெப்கேம். அதன் சொந்த ஆப்பில் அறை முழுவதும் தெரிகிறது. ஓபன்சிவியில் (படம், வீடியோவைக் கையாளும் நிரல் நூலகம்) திறந்தால் இரண்டு ஓரமும் காணோம். கேமரா பழுதா?

பதில்: பழுதில்லை. நீங்கள் எதுவும் கேட்காவிட்டால் ஓபன்சிவி பெரும்பாலும் 640×480-ல்தான் திறக்கும். அதன் அகல-உயர விகிதம் 4:3, கேமரா சென்சாரோ 16:9. பல கேமராக்கள் பக்கங்களை வெட்டிவிட்டு நடுவை மட்டும் தரும். அகலத்தில் கால் பங்கு காலி. திறந்ததும் அகலம் 1920, உயரம் 1080 என்று ‘செட்’ கட்டளையால் கேளுங்கள். பிறகு ஃபிரேமின் ஷேப்பை, அதாவது வந்த படத்தின் உண்மையான அளவை, பிரின்ட் செய்து பாருங்கள்.

கேள்வி: ரீசைஸில் 1920×1080 கொடுத்தேன். படம் பெரிதானது, ஓரம் வரவில்லை. அவசரம்!

பதில்: அவசரம் என்பதுதான் சிக்கலே. இதே கேள்வியை எத்தனை பேர்தான் அனுப்புவீர்கள்! ரீசைஸ், கைக்கு வந்த படத்தை இழுக்கும், அவ்வளவுதான். கேமராவே வெட்டி எறிந்ததை அது எங்கே போய்க் கொண்டுவரும்? 4:3 படத்தை 16:9-க்கு இழுத்தால் முகமெல்லாம் மூன்றில் ஒரு பங்கு கூடுதலாக அகன்று உப்பிப்போகும். அந்த உப்பிய முகத்தை ஏஐ மாடலுக்குக் கொடுத்துவிட்டு, ‘துல்லியம் குறைகிறது’ என்று அடுத்த வாரம் இன்னொரு கடிதம். இன்னொரு கூட்டம் செட் வரியை எங்கிருந்தோ ஒட்டிவிட்டு, வேலை முடிந்தது என்று நம்புகிறது. கேமராவிடம் இல்லாத அளவைக் கேட்டால் பெரும்பாலும் எந்தப் பிழையும் காட்டாது. தன்னிடம் இருக்கும் வேறோர் அளவைச் சத்தமில்லாமல் தந்துவிடும். செட் ‘ட்ரூ’ என்றாலும் நம்பாதீர்கள். ஷேப்பைப் பாருங்கள்.

கேள்வி: 1080 வந்துவிட்டது. ஆனால் நொடிக்கு ஐந்து ஃபிரேம்தான்.

பதில்: சுருக்காத ஒய்யூஒய்வி வடிவில் வருகிறது. 30 ஃபிரேமுக்கு நொடிக்கு ஏறக்குறைய 1 ஜிகாபிட் வேண்டும்; யூஎஸ்பி 2.0-வின் உச்சமே 480 மெகாபிட். ஃபோர்சிசியை (வீடியோ வடிவத்தைக் குறிக்கும் நான்கெழுத்துக் குறியீடு) எம்ஜேபிஜி என்ற சுருக்கிய வடிவாக்குங்கள். ஏற்கவில்லையா? அந்த வரியை அளவு வரிகளுக்கு முன்னே, பின்னே மாற்றிப் பாருங்கள்.

கேள்வி: ஷேப் சரி. திரையில் மட்டும் வலப்பக்கம் வெட்டுப்படுகிறது.

பதில்: உங்கள் திரை சிறியது. விண்டோவை விண்டோ_நார்மல் (அளவை மாற்றக்கூடிய வகை) என்று திறந்து, அளவைக் குறையுங்கள்.

கேள்வி: கேலிப்ரேட் செய்து (லென்ஸின் வளைவை அளந்து) வளைவை நிமிர்த்தினால் ஓரம் மறுபடி போகிறது.

பதில்: கெட்ஆப்டிமல்நியூகேமராமேட்ரிக்ஸ் என்ற ஓபன்சிவி ஃபங்ஷனில் ஆல்ஃபா 0 என்றால் கறுப்பு மூலைகள் வராதபடி வெட்டும், 1 என்றால் எல்லாப் பிக்சலும் இருக்கும், மூலைகள் கறுக்கும். இரண்டும் சேர்ந்து கிடைக்காது. மீன்கண் லென்ஸ் என்றால் ஃபிஷ்ஐ மாட்யூலுக்குப் போங்கள். அங்கே ‘பேலன்ஸ்’ இதே வேலையைச் செய்யும். 640×480-ல் எடுத்த கேலிப்ரேஷனை 1080-ல் போடாதீர்கள். எந்த அளவில் எடுத்தோம் என்பது நினைவில்லையா? அதற்கும் ஷேப்தான்.

கேள்வி: கோட் ஓடவில்லை, உதவுங்கள்.

பதில்: எந்தக் கோட்? எந்தக் கேமரா?

கேள்வி: பெட்டியில் 90 டிகிரி என்றிருக்கிறது, அளந்தால் 80 சொச்சம்தான்.

பதில்: அவர்கள் சொல்வது மூலைவிட்டக் கோணம். 16:9 படத்தில் கிடைமட்டமாக 82 வரும். நீங்கள் சரியாகத்தான் அளந்திருக்கிறீர்கள்.