கிசான் பணம் ஏன் வரல? வந்த கேள்விகளும் பதிலும்

விவசாயிக்கு மத்திய அரசு வருஷம் 6,000 ரூபாய தவணையா பேங்க்ல போடற பிஎம் கிசான் திட்டத்த பத்தி, இந்த தடவ பாதி பேரு ஒரே வரிதான் எழுதியிருக்கீங்க, "பணம் வரல". எத்தனாவது தவணை, இ-கேஒய்சி (ஆதார வச்சு ஆள் நீங்கதான்னு உறுதி பண்றது) முடிச்சீங்களா, ஸ்டேட்டஸ்ல என்ன காட்டுது, ஒண்ணும் சொல்லாம கேட்டா நான் எதை வச்சு பதில் சொல்றது? விவரத்தோட எழுதுனவங்களுக்கு மட்டும் சொல்றேன்.

கே: ஸ்டேட்டஸ்ல எல்லாம் ஓகேன்னு வருது, பாஸ்புக்ல ஏறலியே?

எந்த பாஸ்புக்? ஆதாரோட கடைசியா எந்த பேங்க் இணைஞ்சிருக்கோ அதுலதான் விழும். நூறு நாள் வேலைக்கு, கேஸ் மானியத்துக்குன்னு தொறந்துட்டு மறந்த கணக்கு இருக்கும், அதுல போய் பாருங்க.

கே: எனக்கும் வீட்டுக்காரருக்கும் தனித்தனி பட்டா. ரெண்டு பேருக்கும் உண்டா?

இல்லம்மா. புருஷன், பொண்டாட்டி, 18 வயசுக்குள்ள புள்ளைங்க சேந்து ஒரு குடும்பம், வருஷத்துக்கு ஒரு 6,000 தான். ரெண்டு பேரும் வாங்கிட்டு இருந்தா ஒண்ண இப்பவே நிறுத்துங்க, பின்னாடி திருப்பி கட்டச் சொல்வாங்க.

கே: கோயில் நிலம் 3 ஏக்கர், தாத்தா காலத்துலேந்து நாங்கதான் சாகுபடி. எனக்கு ஏன் இல்ல? (திருவாரூர் பக்கம்)

இந்த கேள்வி வராத மாசமே கிடையாது, எனக்கும் வயிறு எரியாத மாசம் கிடையாது. திட்டத்துல நிலம் யார் பேர்ல இருக்குங்கறதுதான் கணக்கு, உங்க பட்டா கோயில் பேர்ல, அதனால நீங்க லிஸ்ட்லயே வரமாட்டீங்க. நாத்து விட்டு, நடவுக்கு ஆள் தேடி அலைஞ்சு, மழையில சாஞ்ச கதிரப் பாத்து ராத்திரி தூங்காம கெடக்கறது நீங்க, ஆனா பொங்கலுக்கு மட்டும் ஊருக்கு வந்துட்டு போற பட்டாதாருக்கு, வருமான வரி கட்டாதவரா இருந்தா, நாலு மாசத்துக்கு ஒருக்கா 2,000 விழுந்துடும். டெல்டாவுல நெறைய வயலு குத்தகையில நடக்குது, இது அதிகாரிங்களுக்கு தெரியாததா? 2019ல ஒடிசாவுல விவசாயிங்களுக்கு உதவித்தொகை குடுக்க 'காலியா' (KALIA)ன்னு ஒரு திட்டம் கொண்டு வந்தப்ப குத்தகைக்கும், விளைச்சல்ல பங்கு குடுத்து வாரத்துக்கும் சாகுபடி பண்றவங்களையும் சேத்தாங்களே. செய்ய முடியாததில்ல, செய்யல, அவ்வளவுதான். உங்க குத்தகைய பதிவு பண்ண 1969லயே சட்டம் இருக்கு, தாசில்தார் ஆபீஸ்ல எழுதி குடுத்து ரசீது வாங்குங்க. அடங்கல் (எந்த நிலத்துல யாரு என்ன பயிர் வச்சிருக்காங்கன்னு காட்டற சான்று) வி.ஏ.ஓ.கிட்ட உங்க பேர்லயே வாங்கி சம்பாவுக்கு இன்சூரன்ஸ் கட்டுங்க, காப்பீட்டுத் தொகையில 1.5 சதவீதம்தான், குத்தகைதாரரும் கட்டலாம். வெள்ளம் வந்தா அந்த காகிதம்தான் பேசும், தள்ளிப்போடாதீங்க.

கே: வாட்ஸ்அப்ல கிசான் ஆப்புன்னு ஒரு பைல் வந்துச்சு, போடலாமா?

கூடாது. ஓடிபி யாருக்கும் குடுக்காதீங்கன்னு எத்தன தடவ சொல்றது? 2020ல நம்ம தமிழ்நாட்டுல புரோக்கருங்க கொரோனா நிவாரணம்னு சொல்லி ஆதாரையும் பாஸ்புக்கையும் வாங்கி, தகுதியே இல்லாத அஞ்சரை லட்சம் பேரை இந்த திட்டத்துல சேத்தாங்க, 110 கோடி போச்சு. கடைசில கைநீட்டி வாங்குன ஏழைங்க கணக்குலேந்துதான் திருப்பி எடுத்தாங்க.

கே: 2021ல கிரையம் வாங்குன நிலத்துக்கு?

கட் ஆஃப் 1.2.2019, அந்த தேதியிலயே நிலம் உங்க பேர்ல இருந்திருக்கணும். கிடைக்காது.

கே: அப்பா தவறிட்டாரு, அவர் கணக்குல இன்னும் விழுது. எடுத்துக்கலாமா தம்பி?

தொடாதீங்க அண்ணே, வேளாண் ஆபீஸ்ல இறப்பு சான்றிதழ் குடுத்து நிறுத்துங்க. வாரிசா வந்த நிலத்துக்கு அந்த கட் ஆஃப் தேதி கிடையாது, பட்டாவ உங்க பேருக்கு மாத்துங்க, ஆதார் இணைச்ச கணக்கு எதுன்னு பாத்துட்டு புதுசா போடுங்க.