கியூ தோட்டமும் மாலை மியூசிக்கலும், அம்மாவோடு

காலையில் லண்டன் கியூ தாவரவியல் தோட்டம், இரவு 7.30க்கு அதே நகரின் விக்டோரியா பகுதியில் மியூசிக்கல் (இசை நாடகம்), அம்மாவுக்கு முழங்கால் வலி, ஒரே நாளில் முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாக முடியும். ஆனால் தோட்டம் முழுவதையும் பார்க்கும் ஆசையை விட்டுவிடுங்கள். 300 ஏக்கருக்கு மேல், அம்மா துவண்டுபோவார்.

விக்டோரியா கேட் வழியாக நுழைந்து, டெம்பரேட் ஹவுஸுக்கே நேரத்தைக் கொடுங்கள். 1863இல் திறந்த பிரமாண்டமான கண்ணாடி மாளிகை. பழுதுபார்த்து 2018இல் மறுபடி திறந்தார்கள். அங்கே என்செஃபலார்டோஸ் வுடியை என்ற, பனைபோலத் தோன்றும் சைக்காட் வகை மரத்தை மட்டும் தவறவிடாதீர்கள். 1895இல் தென்னாப்பிரிக்கக் காட்டில் கண்டெடுத்த ஒரே ஆண் மரத்தின் வாரிசு அது. பெண் மரம் இன்றுவரை எங்கேயும் கிடைக்கவில்லை. எனக்கு அந்த ஒரு மரத்துக்காகவே டிக்கெட் காசு தகும். சுழல் படிக்கட்டில் அம்மா ஏற வேண்டாம்.

ஐந்து மணிக்குள் கிளம்பிவிடுங்கள். டிஸ்ட்ரிக்ட் லைன் மெட்ரோ ரயில் நேராக விக்டோரியா போகும், மாறவே வேண்டாம். வார இறுதியென்றால் பராமரிப்பு வேலைக்காக ரயில் ஓடாமல் இருக்குமா என்று முந்தின நாளே பாருங்கள். அப்புறம், நாடக டிக்கெட்டை ஸ்டால்ஸில், அதாவது அரங்கின் கீழ்த்தள இருக்கைகளில் எடுங்கள். மேல்மாடிப் படிகள் செங்குத்தாக இருக்கும். தாமதமானால் நாடகத்தில் தகுந்த இடைவெளி வரும்வரை வெளியே நிற்க வைக்கலாம். சாப்பாட்டை ஆறு மணிக்கே முடித்துவிடுவது நல்லது.