ஆதீனமா, சந்நிதானமா? அழைப்பிதழில் எப்படி எழுதுவது?

கேள்வி: எங்கள் ஊர்ச் சிவன் கோயில் குடமுழுக்குக்குத் தருமபுரம் மடத்துத் தலைவரை அழைத்திருக்கிறோம். அழைப்பிதழில் 'ஆதீனம் அவர்கள்' என்று போடலாமா? 'சந்நிதானம்' என்கிறார்கள் சிலர். அது சுவாமிக்கு முன்னுள்ள இடம்தானே, ஆளுக்கு எப்படிப் பொருந்தும்?

பதில்: ஆதீனம் என்பது மடம், ஆள் அல்ல. 'அதீனம்' என்ற வடசொல்லுக்கு 'ஒருவர் வசத்தில் இருப்பது' என்று பொருள். மடமும் அதன் ஆட்சிக்கு உட்பட்ட கோயில்களும் சொத்துகளும் சேர்ந்ததே ஆதீனம். அதை நடத்துபவர் ஆதீனகர்த்தர். 'மதுரை ஆதீனம் பேட்டி' என்று நாளிதழ்கள் போடுவது பேச்சு வழக்கு. அச்சடிக்கும் அழைப்பிதழுக்கு அது ஆகாது.

சந்நிதானம் பற்றிய உங்கள் ஐயம் நியாயமானது. அருகிருத்தல், திருமுன் என்பதே அதன் நேர்ப்பொருள். சந்நிதி என்பதும் அதே வேரில் பிறந்த சொல்தான். 'ஊர் சிரித்தது' என்றால் ஊரார் சிரித்தார்கள் என்று கொள்கிறோம் அல்லவா? அதே இடவாகுபெயர்தான் இங்கும். பெரியவரைப் பெயர் சொல்லிச் சுட்டாமல் அவர் திருமுன்னைச் சுட்டுவது நம் மரபு. பழைய கடிதங்களில் 'சமுகத்துக்கு', அதாவது 'திருமுன்னுக்கு', என்று எழுதியதும் இப்படித்தான். துறவியை 'அடிகள்' என்பதில் இடத்துக்குப் பதில் திருவடி நிற்கிறது. சைவத்தில் இதற்கு இன்னும் ஆழமான காரணம் உண்டு: அடியார் வேடத்தையும் ஆலயத்தையும் அரன் எனவே தொழச் சொல்கிறது சைவ சித்தாந்த நூலான சிவஞானபோதத்தின் 12-ஆம் நூற்பா. கோயிலில் சந்நிதி என்றால் குருவிடமும் சந்நிதிதான். பழைய ஆவணங்களில் வரும் 'பண்டாரசந்நிதி'யும் மடத்துத் தலைவரையே குறிக்கும்.

எழுதும் வரிசை: முதலில் ஆதீனத்தின் பெயர், அடுத்து எத்தனையாவது குருமகாசந்நிதானம் (மடத்துத் தலைவரின் பட்டம்) என்ற எண், பிறகு 'ஸ்ரீலஸ்ரீ', திருப்பெயர், கடைசியில் 'பரமாசாரிய சுவாமிகள்'. தருமபுரத்தில் திருப்பெயரோடு 'தேசிக ஞானசம்பந்த' என்று தொடர்ந்து வரும். மடத்தை நிறுவிய குருஞானசம்பந்தரின் பெயர் அது. நீளமாக இருக்கிறது என்று அச்சகத்தில் வெட்டிவிடுவார்கள், விடாதீர்கள். அடுத்த பட்டத்துக்கு உரியவர் இளைய சந்நிதானம். அவரும் வருவதானால் 'மகா' அவருக்குச் சேராது.

இதே வாசகத்தை வேறு மடத்துக்கு அப்படியே படியெடுக்கக் கூடாது. தருமபுரத்தோடு தொடர்புடைய திருப்பனந்தாள் காசிமடத்தின் அதிபர் பெயரே 'காசிவாசி' என்று தொடங்கித் 'தம்பிரான்' என்று முடியும். தருமபுரத்திலோ தம்பிரான் என்றால் சந்நிதானத்துக்குக் கீழுள்ள துறவி.

அச்சுக்குக் கொடுக்கும் முன் மடத்து அலுவலகத்தில் வாசகத்தை எழுத்தில் வாங்கிவிடுங்கள். பெயருக்கு மேல் 'தலைமை' என்று போடாமல் 'அருளாசி' என்று போடுங்கள்.