குழந்தைகளுக்கு மருத்துவமனையில் நேரும் தீங்கை எப்படிக் கணக்கெடுக்கிறார்கள்?

ஈரோட்டில் சேர்த்திருந்தபோது அக்கா மகனுக்கு டிரிப்ஸ் போட்ட கை வீங்கிவிட்டது, இதெல்லாம் எங்காவது கணக்கில் ஏறுமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஊழியர்கள் தாங்களாக எழுதித் தருவதை மட்டும் நம்பினால் பெரும்பாலும் ஏறாது. வேலைப்பளுவும் பயமும் எழுத விடாது.

அதனால்தான் கேஸ் ஷீட்டையே துருவுகிறார்கள். சிலவற்றைக் குலுக்கல் முறையில் எடுத்து, நர்ஸ் ஒருவர் தடயம் தேடுவார். மார்பின் போன்ற வலி மருந்தை முறிக்கிற நலாக்சோன் ஊசி போட்டிருந்தால், முன்னால் அந்த மருந்து அதிகமாகிவிட்டதோ என்று பின்னோக்கிப் படிப்பார். தடயம் இருந்தாலே தீங்கு என்று ஆகிவிடாது. அதை டாக்டர்கள் பார்த்து முடிவு செய்வார்கள். அப்புறம் 1000 நோயாளி நாளுக்கு (ஒருவர் ஒரு நாள் தங்கினால் ஒரு நோயாளி நாள்) இத்தனை தீங்கு என்று வகுப்பார்கள். அமெரிக்காவில் 16 மருத்துவமனைகளின் 3790 கேஸ் ஷீட்டுகளை இப்படிப் படித்து 2018-ல் வெளியிட்ட ஆய்வில் 19.1 வந்தது. அதில் ஏறக்குறைய பாதி தவிர்த்திருக்கக்கூடியவை. எனக்கு மனசு ஆறவில்லை.

குழந்தைகளுக்குத் தடயப் பட்டியலே தனியாக வேண்டும். மருந்து எடைக்கு ஏற்ப மாறும். அளவு எழுதும்போது தசமப் புள்ளி ஓரிடம் தள்ளிப் போனால் பத்து மடங்கு. வலிக்கிற இடத்தைச் சொல்லவும் தெரியாது. கோபியில் என் மகளுக்கு டிரிப்ஸ் ஏறியபோது, பிளாஸ்டருக்கு வெளியே விரல்கள் பன்னு மாதிரி உப்பியிருந்ததை முதலில் பார்த்தது என் மாமியார்தான். "ஏனுங்கம்மிணி, புள்ள கை வீங்கியிருக்குதுங்க, வந்து பாருங்க" என்று சிஸ்டரைக் கூப்பிட்டார். உடனே கழற்றினார்கள், சரி. ஆனால் கேஸ் ஷீட்டில் 'ஊசி மாற்றப்பட்டது' என்று மட்டுமே இருந்தது. வீக்கத்தையும் நேரத்தையும் எழுதச் சொல்லிக் கேளுங்கள்.