ஊறுகாயில் 'க்' எங்கிருந்து வந்தது?

'வீட்டில் ஊறுகாயும் சிறுதானிய மாவும் போட்டு விற்கிறேன். லேபிள் அடிப்பவர் "ஊறுக்காய்" என்று அச்சடித்துவிட்டார். கேட்டால், "இது பண்புத்தொகைம்மா, வல்லினம் மிகும்" என்கிறார். மகளின் இலக்கண நோட்டில் வினைத்தொகை என்று இருக்கிறது. எது சரி?' – ஒரு வாசகி

மகள் சொல்வதுதான் சரி. லேபிளைத் திருப்பிக் கொடுங்கள். மறுபடி அடிக்கக் காசு கேட்டால் தராதீர்கள்.

'ஊறு' என்பது வினை. நேற்று ஊறின காய், இன்று ஊறுகிற காய், நாளை ஊறும் காய், மூன்றும் அந்த ஒரே ஜாடிக்குள் கிடக்கின்றன. காலம் வெளியே தெரிவதில்லை. 'காலம் கரந்த பெயரெச்சம் வினைத்தொகை' என்று பழைய இலக்கண நூலான நன்னூல் சொல்வது இதைத்தான்; கரந்த என்றால் மறைந்த. இங்கே நடுவில் ஒற்று, அதாவது க், ச், த், ப் என்ற புள்ளி எழுத்து, வராது: குடிதண்ணீர், சுடுகாடு.

பண்புத்தொகையில் நிறம், சுவை, அளவு என்று ஏதாவது ஒரு தன்மை முன்னால் நிற்கும். 'ஆகிய' ஒளிந்திருக்கும். பச்சையாகிய பயறு, பச்சைப்பயறு. இங்கே ஒற்று வரும். அடுப்பில் கொதிக்கிற அதே தண்ணீரைச் சுடுநீர் என்றால் வினைத்தொகை, வெந்நீர் (வெம்மையாகிய நீர்) என்றால் பண்புத்தொகை. பொருளைப் பார்க்காதீர்கள், முதல் சொல்லைப் பாருங்கள்.

ஆனால் 'சிறு' அடங்காத பிள்ளை. பண்புத்தொகைதான், இருந்தும் ஒற்று வாங்காது: சிறுகதை, சிறுதொழில், சிறுபான்மை. புதுக்கோட்டை, புதுச்சேரி என்று 'புது' ஒற்று வாங்குகிறதே என்று இதற்கும் போட்டுவிடாதீர்கள். உயிரெழுத்து வந்தால் மட்டும் சிற்றூர், சிற்றுண்டி என்று உருமாறும். 'பெரு' வேறு வழி போகும்; உங்கள் ஊறுகாயில் விழும் பெருங்காயத்தைப் பாருங்கள், 'ங்' என்ற மெல்லினம் வந்து உட்கார்ந்திருக்கிறது.

'பக்கத்துக்கு இவ்வளவு, ஒற்றுப்பிழை திருத்தித் தருகிறோம்' என்பவர்களிடம் ஜாக்கிரதை. பாதிப் பேர் சந்தேகம் வந்த இடமெல்லாம் ஒற்றைத் தூவி பில் போடுகிறார்கள். தேர்வு கைடுகள் இன்னும் மோசம். பட்டியலை மனப்பாடம் செய்யச் சொல்லும், 'மூன்று காலமும் பொருத்திப் பார்' என்ற ஒரு வரியைச் சொல்லாது. பள்ளியிலும் இரண்டு மார்க்கோடு கதை முடிகிறது. பிறகு தெருக்குழாய்க்குப் பக்கத்தில் அரசுப் பலகையே 'குடித்தண்ணீர்' என்று நின்றால் யாரைக் கேட்பது?

மாவு லேபிள் அச்சுக்குப் போகுமுன் ஒருமுறை வாங்கிப் பாருங்கள். அந்த ஆள் 'சிறுத்தானியம்' என்றுதான் போட்டிருப்பார்.