ஓட மட்டும் தெரிந்தவரா ஃபிளாஷ்?

கேள்வி: சூப்பர்மேன் பறக்கிறார், மலையைத் தூக்குகிறார், மின்னல் வேகத்தில் ஓடவும் செய்கிறார். ஃபிளாஷுக்கு ஓட மட்டும்தான் தெரியும். ஒரே ஒரு வித்தை வைத்திருக்கும் ஹீரோவை எதற்கு இவ்வளவு கொண்டாடுகிறீர்கள்?

பதில்: என்னென்ன சக்தி இருக்கிறது என்று பட்டியல் போட்டு ஹீரோவை எடை போடாதீர்கள். அந்த ஒரே வித்தையை எப்படிக் கையாண்டிருக்கிறார்கள் என்று கதையைத் திறந்து பாருங்கள்.

ஃபிளாஷாக மாறும் பாரி ஆலன் போலீஸ் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்ப்பவர். எங்கும் நேரத்துக்குப் போய்ச் சேராத மனிதர். மின்னல் தாக்கி, ரசாயனங்கள் மேலே கொட்டிய அன்று ஒரு சாப்பாட்டுக் கடைக்குப் போகிறார். பரிமாறும் பெண்ணின் கையிலிருந்து தட்டு நழுவுகிறது. பாரியின் கண்ணுக்குத் தட்டும் சாப்பாடும் அப்படியே அந்தரத்தில் நிற்கின்றன. ஒவ்வொன்றாகப் பிடித்துத் தட்டில் திரும்ப வைத்துவிடுகிறார். இந்தக் காட்சியில் ஓட்டமே கிடையாது. எப்போதும் தாமதமாக வருகிற ஒருவருக்கு உலகத்திலேயே அதிக அவகாசம் கிடைத்துவிடுகிறது. எத்தனை முறை படித்தாலும் எனக்கு அலுக்காத காட்சி இது.

இந்தக் கதை காமிக்ஸில் வெளியான வருடம் 1956. காலத்தைக் கொஞ்சம் கவனியுங்கள். உலகப் போர் முடிந்ததுமே அமெரிக்காவில் சூப்பர்ஹீரோக்களின் மவுசு சரிந்துவிட்டது. 1940-ல் அறிமுகமான முதல் ஃபிளாஷ், இறக்கை வைத்த இரும்புத் தொப்பி போட்ட ஜே கேரிக். அவருடைய இதழே 1949-ல் நின்றுபோனது. சூப்பர்மேன், பேட்மேன், வொண்டர் வுமன் என்று சிலர்தான் தாக்குப்பிடித்தார்கள். போதாததற்கு, காமிக்ஸ் பிள்ளைகளைக் கெடுக்கிறது என்று பெரிய சர்ச்சை கிளம்பி, 1954-ல் பதிப்பகங்கள் தங்களுக்குத் தாங்களே தணிக்கை விதிகள் போட்டுக்கொண்டன.

அப்போதுதான் ஃபிளாஷை வெளியிட்ட டிசி காமிக்ஸ் நிறுவனத்தின் எடிட்டர் ஜூலியஸ் ஷ்வார்ட்ஸ் மேற்பார்வையில், பெயரையும் வேகத்தையும் மட்டும் வைத்துக்கொண்டு ஆள், உடை, ஊர் எல்லாவற்றையும் புதிதாக்கினார்கள். ராபர்ட் கனிகர் எழுத, கார்மைன் இன்ஃபான்டினோ வரைந்தார். வெள்ளோட்டத்துக்கென்றே நடத்தப்பட்ட 'ஷோகேஸ்' இதழில் நான்கு முறை வந்த பிறகு, 1959-ல் ஃபிளாஷுக்குத் தனி இதழ். அதே வருடம் கிரீன் லாண்டர்ன் புது உருவில் வந்தார், 1960-ல் ஜஸ்டிஸ் லீக் என்ற ஹீரோக்கள் கூட்டணி, 1961-ல் போட்டி நிறுவனமான மார்வெலின் ஃபென்டாஸ்டிக் ஃபோர். இன்று தியேட்டரில் நீங்கள் விசிலடித்துப் பார்க்கும் கூட்டத்தில் பாதிப் பேர் அதற்குப் பின்னால் வந்தவர்கள்.

இன்ஃபான்டினோவைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் பதில் முழுமையாகாது. அசையாத காகிதத்தில் வேகத்தைக் காட்ட வேண்டும். காற்றில் பறக்கவிட ஃபிளாஷுக்கு மேலங்கிகூடக் கிடையாது. முன்னால் சாய்ந்த ஒல்லியான உடம்பு, பின்னால் நீளும் மெல்லிய கோடுகள், ஒரே கட்டத்துக்குள் அடுத்தடுத்துத் தெரியும் பல ஃபிளாஷ்கள், அகலமான கட்டங்களில் எங்கோ தூரத்தில் தாழ்வாகத் தெரியும் நகரம். இவ்வளவுதான் கருவிகள். பக்கத்தைப் புரட்டும்போது கண் தானாக ஓடும்.

அப்புறம், உங்கள் சூப்பர்மேனோடு 1967-ல் போட்டியே வைத்துப் பார்த்துவிட்டார்கள். ஐ.நா. சபைக்கு நிதி திரட்ட உலகைச் சுற்றி ஓடும் போட்டி. சூதாட்டக் கும்பல்கள் பணம் கட்டியிருப்பது தெரிந்து, இருவருமே வேண்டுமென்றே ஒன்றாக எல்லைக்கோட்டைத் தொட்டார்கள். சரி, அதை விடுங்கள்.

1985-ல் பாரி ஆலன் உலகங்களை அழிக்கவிருந்த ஒரு பீரங்கியை நிறுத்த ஓடுகிறார். ஓட ஓட உடல் கரைந்து, கடைசியில் வெறும் உடைதான் மிஞ்சுகிறது. ஓட மட்டும் தெரிந்தவர் என்றீர்களே, அந்த ஓட்டத்தைப் படித்துவிட்டு எனக்கு மறுபடி எழுதுங்கள். அவருக்குப் பின் அந்தப் பெயரையும் உடையையும் ஏற்றவர், சிறுவனாக அவர் கூடவே ஓடிய வாலி வெஸ்ட். இருபது வருடங்களுக்கு மேல் அவர்தான் ஃபிளாஷ். 2008-ல் பாரியை உயிரோடு திரும்பக் கொண்டுவந்தார்கள். எனக்கு அதில் இன்றுவரை உடன்பாடில்லை. வாலியையே ஓட விட்டிருக்கலாம்.